கிராப்ஸ்: பாஸ் லைனா, டோன்ட் பாஸா?

கிராப்ஸ் என்பது இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் சூதாட்டம்; பாஸ் லைன், டோன்ட் பாஸ் இரண்டும் அதில் வைக்கும் பந்தயங்கள். லாஸ் வேகாஸ் கிராப்ஸ் மேசையில் முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தால் பாஸ் லைனுக்கு வெற்றி; 2, 3, 12 என்றால் போச்சு. டோன்ட் பாஸுக்கு இது அப்படியே தலைகீழ். 12-க்கு மட்டும் பணம் வராது, போகவும் செய்யாது. 11-ஐ 'யோ' என்றே கூவுவார்கள், 'செவன்' என்று காதில் விழுந்துவிடக் கூடாதே!

மற்ற எண் எது விழுந்தாலும் அதுதான் 'பாயின்ட்'. அது திரும்ப வருவதற்குள் 7 விழுந்தால் 'செவன் அவுட்': பாஸ் காலி, டோன்ட் பாஸுக்குப் பணம்.

சூதாட்ட விடுதியின் சாதகம் பாஸில் 1.41%, டோன்ட் பாஸில் 1.36%. இந்தச் சொற்ப வித்தியாசத்துக்காக மேசை முழுவதற்கும் எதிராக நிற்க வேண்டியதில்லை. புதியவருக்குப் பாஸே நல்லது. பாயின்ட் விழுந்ததும் பாஸ் பந்தயத்துக்குப் பின்னால் 'ஆட்ஸ்' என்ற கூடுதல் பந்தயம் வையுங்கள். 4, 10-க்கு 2:1; 5, 9-க்கு 3:2; 6, 8-க்கு 6:5 கிடைக்கும். அதில் விடுதிக்குச் சாதகமே கிடையாது. டோன்ட் பாஸ்காரர் பாயின்ட் விழுந்தபின் பயந்து பந்தயத்தை எடுப்பதுதான் பெரிய தப்பு, அப்போது 7 அவர் பக்கம்.