செஸ்டிமேட்டா, ஏஜென்டா, மதிப்பீட்டாளரா: வீட்டு விலையை யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் வீட்டை விற்க நினைப்பவர்களில் பலர், ஏஜென்டை அழைப்பதற்கு முன்பே ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற வீட்டு விற்பனை இணையதளங்களில் தங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். 2006 முதல் ஜில்லோ தரும் செஸ்டிமேட் என்ற கணினிக் கணிப்பும் 2015இல் வந்த ரெட்ஃபின் மதிப்பீடும் கேட்ட நொடியில், காசில்லாமல், ஒரு தொகையைச் சொல்லிவிடுகின்றன. அதே கேள்விக்கு ஏஜென்ட் ஒரு தொகை சொல்வார், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் இன்னொன்று சொல்வார், கவுண்டியின், அதாவது உள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின், வரிப் பதிவேட்டில் வேறொன்று இருக்கும். இவற்றில் எது சரி என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எதைப் பார்த்துவிட்டு அந்தத் தொகைக்கு வந்தது என்று கேட்பது பயன் தரும்.

இணையதளம் பார்ப்பது பதிவுகளை மட்டுமே. சதுர அடி, படுக்கையறைகள், கட்டிய ஆண்டு, வரி விவரம், அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை ஆகியவற்றைக் கொண்டு அது கணக்கிடுகிறது. தன் கணிப்பின் பிழையளவையும் ஜில்லோ வெளியிடுகிறது: விற்பனைக்குப் பட்டியலிடப்பட்ட வீடுகளுக்கு ஏறத்தாழ 2%, பட்டியலில் இல்லாத வீடுகளுக்கு ஏறத்தாழ 7%. ரெட்ஃபினின் எண்களும் இவற்றை ஒட்டியே இருப்பதால், இரண்டில் எது மேல் என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. கவனிக்க வேண்டியது 2க்கும் 7க்கும் உள்ள இடைவெளியைத்தான். வீடு பட்டியலுக்கு வந்தவுடன் விற்பவர் கேட்கும் விலை தளத்துக்குத் தெரிந்துவிடுகிறது. கணிப்பும் அதை நோக்கி நகர்கிறது. பக்கத்து இருக்கை விடைத்தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுதிய தேர்வில் கிடைத்த மதிப்பெண் அது. விற்கலாமா வேண்டாமா என்று வீட்டிலிருந்தபடி யோசிப்பவருக்குப் பொருந்துவது 7% தான்.

அந்த 7% கூட உச்சவரம்பு அன்று. எல்லாப் பிழைகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் அது. அதாவது பாதி வீடுகளில் பிழை அதைவிட அதிகம். 6 லட்சம் டாலர் பெறுமான வீட்டுக்கு 7% என்பது 42,000 டாலர். இரண்டிலொரு வாய்ப்பில் கணிப்பு அதற்கும் மேல் தவறும். ஜில்லோவின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016இல் சியாட்டிலில் தம் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றபோது, செஸ்டிமேட் காட்டியது ஏறத்தாழ 17.5 லட்சம். 2018இல் வீடுகளைத் தானே வாங்கி விற்கத் தொடங்கிய அதே நிறுவனம், 30 கோடி டாலருக்கு மேல் மதிப்பிழப்பைக் கணக்கில் எழுதி, 2021 நவம்பரில் அந்தத் தொழிலை மூடுவதாக அறிவித்தது. அதை முழுவதும் செஸ்டிமேட்டின் தலையில் கட்டுவது நியாயமாகாது, ஏனெனில் அங்கே சறுக்கியது இன்றைய விலையைச் சொல்வதில் அன்று, சில மாதங்களுக்குப் பிந்தைய விலையை ஊகிப்பதில்.

இடத்தைப் பொறுத்தும் துல்லியம் மாறும். ஒரே கட்டுநர் ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகள் வரிசையாக நின்று, ஓராண்டில் அவற்றில் நாலைந்து விற்றிருந்தால், கணினி பெரிதாகத் தவற வழியில்லை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத பழைய வீடுகள் உள்ள தெருவில் அதற்குப் பிடிமானம் குறைவு. டெக்சஸ், யூட்டா போன்ற மாநிலங்களில் விற்பனை விலையைப் பொதுப் பதிவில் வெளியிட வேண்டியதில்லை என்பதால், அங்கே அடித்தளமே மெலிந்தது.

ஏஜென்ட் உள்ளே வந்து பார்க்கிறார். நிலவறைச் சுவரில் ஏறிய ஈரக்கறை, பின்புறச் சாலையின் இரைச்சல், புதிதாக மாற்றிய கூரை என்று கணினிக்குப் புலப்படாதவை அவர் கண்ணில் படும். ஆனால் விற்கும் வாய்ப்பைத் தமக்கே தர வேண்டும் என்பதற்காகச் சிலர் விலையை ஏற்றிச் சொல்வதுண்டு. மூவரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன தொகையை விட்டுவிட்டு, எந்தெந்த விற்பனைகளை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

மதிப்பீட்டாளருக்குச் சில நூறு டாலர் கட்டணம் உண்டு. அதற்கு ஈடாக, வந்த வழியைக் காட்டும் கணக்கு கிடைக்கிறது. அவர் ஒப்பீட்டுக்கு எடுத்த வீட்டில் உங்களுடையதைவிட ஒரு குளியலறை கூடுதலாக இருந்தால், அதற்குரிய தொகையை அந்த வீட்டின் விற்பனை விலையிலிருந்து கழிப்பார். அங்கே கார் நிறுத்தும் அறை இல்லாமல் உங்களிடம் இருந்தால் கூட்டுவார். ஒவ்வொரு கூட்டலும் கழித்தலும் தாளில் இருப்பதால், உடன்படாதவர் எந்த வரியில் உடன்படவில்லை என்று சுட்டிக்காட்ட முடியும். ஆயினும் வாங்குபவரின் கடனுக்காக வங்கி அவரை அனுப்பும்போது ஒப்பந்த விலை அவர் கையில் இருக்கிறது. முடிவு பெரும்பாலும் அந்த விலையிலோ சற்று மேலோ வந்து நிற்கிறது. ஓரக்கண் பார்வை இயந்திரத்துக்கு மட்டும் உரியதல்ல போலும். சொத்துப் பிரிவினை, மணமுறிவு போன்று ஒப்பந்தமே இல்லாத இடங்களில்தான் அவருடைய உழைப்பின் முழு மதிப்பும் தெரிகிறது.

கவுண்டியின் வரி மதிப்பைச் சந்தை விலையாகக் கொள்ளவே கூடாது. கலிஃபோர்னியாவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, வீடு கைமாறாமலும் புதிதாக ஏதும் கட்டப்படாமலும் இருக்கும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2%க்கு மேல் உயராது. நெடுங்காலம் கைமாறாத வீட்டில் அது சந்தையைவிட மிகத் தாழ்ந்து கிடக்கும். இருந்தும் அந்தப் பதிவைத் திறந்து பார்க்கக் காரணம் உண்டு. இணையதளங்கள் சதுர அடியையும் அறைகளின் எண்ணிக்கையையும் பெரும்பாலும் அங்கிருந்தே எடுக்கின்றன. பின்னால் சேர்த்துக் கட்டிய அறை பதிவில் ஏறவில்லை என்றால், கணினியைப் பொறுத்தவரை அந்த அறை இல்லை. உரிமையாளர் தம் வீட்டு விவரங்களைத் திருத்துவதற்கு ஜில்லோ இடம் தருகிறது. கணிப்பைக் குறைசொல்வதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். திருத்திய பிறகும் இரண்டு தளங்களின் எண்கள் வெகுவாக விலகி நின்றால், சராசரியில் அடங்காத வீடு அது என்று கொண்டு, கட்டணம் கொடுத்து ஒருவரை உள்ளே அழைத்துக் காட்டலாம்.