ஸ்லீப் ஆப்னியாவோடு வாடகை குறைந்த ஊர் தேடினால்: கூடுவாஞ்சேரியா, திருச்சியா, சொந்த ஊரா?

மேடவாக்கத்தில் நாங்கள் இருந்த இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 19,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 2,500. 2024 மார்ச்சில் என் கணவர் ஓய்வு பெற்றதும் அது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நான் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். சென்னையில்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லை.

மூன்று இடங்களைப் பார்த்தோம். கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரையுள்ள பகுதி, திருச்சி, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் ஊர். கடைசியில் திருச்சிக்கு வந்து, கருமண்டபத்தில் 14 மாதமாக இருக்கிறோம். வாடகை 9,500. அதனால் நான் திருச்சி பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதை மறைக்கவில்லை.

எனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நோய் இருக்கிறது. வீடு தேடிய நாட்களில் தண்ணீர், ஆஸ்பத்திரி, பஸ் வசதி என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருந்தது. தினமும் ராத்திரி ஒரு மெஷினோடு தூங்க வேண்டியவள் ஒரு வாடகை வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அதனால் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

2022-இல் எடுத்த ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனையில் என் ஏஹெச்ஐ 34 என்று வந்தது. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண் அது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமையான வகை. அதற்கு முன் நான்கு வருடம் காலையில் தலைவலியோடு எழுந்தேன், பகலில் கணக்குப் போடும்போதே கண் சொருகியது. தைராய்டு என்று நினைத்தேன், மாதவிடாய் நிற்கும் வயது என்று நினைத்தேன். குறட்டை விடும் பெண் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது, அதனாலும் தள்ளிப்போனது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் படிக்கும் அக்கா தங்கைகள் யாராவது அப்படிச் சோர்ந்து கிடந்தால், தயவுசெய்து ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது சிபேப் மெஷின். மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பி, தொண்டை அடைத்துக்கொள்ளாமல் திறந்தே வைத்திருக்கும். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் முதலில் இதைச் செய்து காட்டியபோது, வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் காற்றை ஊதினார். இன்றைக்கும் அடிப்படை அதுவே: ஒரு மோட்டார் ஓட வேண்டும். மாத்திரை என்றால் இரவு எட்டு மணிக்குப் போட்டால் விடியும்வரை வேலை செய்யும். மெஷின் கரண்ட் இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் நாங்கள் பார்த்த வீடுகள் 11,000 முதல் 14,000 வரை. மின்சார ரயில் இருக்கிறது, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம், செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, என் டாக்டரையும் மாற்ற வேண்டாம். வேலைக்காகச் சென்னைக்குள் வாரம் நான்கு நாள் போக வேண்டியவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. எங்களுக்கு அந்தத் தேவை இல்லாததால், இவ்வளவு மூட்டை முடிச்சு கட்டி மாதம் ஏழாயிரம் மிச்சம் பிடிப்பது போதாது என்று தோன்றியது. அங்கே நான் குடியிருந்ததில்லை. ராத்திரி கரண்ட் எப்படி என்பது, மறைமலை நகரில் இருக்கும் என் நாத்தனார் சொல்லிக் கேட்டதுதான். மழைக்காலத்தில் போகும், மற்றபடி பரவாயில்லை என்கிறார்.

பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த வீடு, வாடகையே இல்லை. தென்னந்தோப்பு, சுத்தமான காற்று, மாமியாரும் கூட இருப்பார். பணக் கணக்கு மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச எதுவுமில்லை. என் கணவருக்கு மனசு முழுக்க அங்கேதான் இருந்தது.

எனக்குத் தடையாக நின்றது கரண்ட். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆப்னியா இருப்பவர் இடம் மாறினால், டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெஷின் செட்டிங் ஒரு தடவை சரியாகிவிட்டால் டாக்டரை வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். ராத்திரி எத்தனை மணி நேரம் போட்டேன், காற்று எவ்வளவு கசிந்தது, ஏஹெச்ஐ எவ்வளவு என்பதெல்லாம் மெஷினிலேயே பதிவாகிறது. அதை அனுப்பிவிட்டு டாக்டரிடம் போனிலேயே பேசிவிடுகிறேன். கரண்ட் மட்டும் 365 ராத்திரியும் வேண்டும்.

நடு ராத்திரியில் மெஷின் நின்றால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காற்று வருவது நின்றதும் மாஸ்க்குக்குள் புழுக்கம், திடீரென்று மூச்சு முட்டும் உணர்வு. மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்வேன். அப்படியே திரும்பப் படுத்தால் பழைய குறட்டை, பழைய அடைப்பு, மறுநாள் தலை பாரம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். தொடர்ந்து ஒரு வாரம் போனால் ரத்த அழுத்தம் ஏறிவிடும், என் விஷயத்தில் பார்த்துவிட்டேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மேடவாக்கத்தில் மூன்று ராத்திரி கரண்ட் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. முதல் ராத்திரி மட்டும் தாங்கியது, சார்ஜ் ஏற்ற வழி இல்லாததால் மற்ற இரண்டு இரவும் சாய்வு நாற்காலியில் கழிந்தன. இதோடு 2018 நவம்பர் 16-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேல் சாய்ந்தன. எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர 22 நாள் ஆனது. அப்போது எனக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது. இப்போது அந்த 22 நாளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கஜா மாதிரி வருடா வருடம் வராதுதான். ஆனால் சாதாரண கோடைக் காற்றுக்கே தென்னை மட்டை கம்பியில் விழுந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போன கரண்ட், லைன்மேன் காலையில் வந்த பிறகு திரும்பியதை நான் அங்கே தங்கியிருந்தபோது இரண்டு முறை பார்த்தேன். நான் அங்கே தொடர்ந்து இருந்தது அதிகபட்சம் மூன்று வாரம், அதுவும் கோடையில். வருடம் முழுக்க இருப்பவர் வேறு மாதிரி சொல்லலாம்.

திருச்சியில் வந்த நாளிலிருந்து ராத்திரி கரண்ட் போனால் காலண்டரில் குறித்து வைக்கிறேன். 14 மாதத்தில் 11 தடவை. அதிலே நீண்டது இரண்டே கால் மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவது பகலில்தான், அது என் தூக்கத்தைத் தொடுவதில்லை. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் புயல் இங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் வலு குறைந்திருக்கும். ஆனாலும் நான் இங்கே பெரிய புயல் எதையும் பார்த்ததில்லை, அதனால் இதில் அடித்துப் பேச மாட்டேன்.

ஊர் பாதி என்றால் வீடு மீதி. அதே தெருவில் ஒரு வீடு சரிப்படும், பக்கத்து வீடு சரிப்படாது. தில்லை நகர்ப் பக்கம் நாங்கள் விரும்பிய ஒரு வீட்டில், இன்வெர்ட்டர் வைக்கச் சுவரில் வயர் இழுக்கக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். மெஷின் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். "ஆஸ்பத்திரி மாதிரி எல்லாம் செட்டப் பண்ணாதீங்கம்மா" என்றார். மனசு கஷ்டமாக இருந்தது, ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டதால் தப்பித்தோம். அதற்கப்புறம் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இன்வெர்ட்டர் லைன் இழுத்திருக்கா?" என்பதுதான். கருமண்டபம் வீட்டில் ஏற்கெனவே இழுத்திருந்தது.

இரண்டாவது, தனி மீட்டர். நமக்கென்று தனி ஈபி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் நமக்கே கிடைக்கும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை நம்மிடம் வருவதில்லை. மெஷின் தின்னும் கரண்ட் கொஞ்சம்தான். 50 வாட், ஏழு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட். ஆனால் இன்வெர்ட்டர் சார்ஜ், ராத்திரி ஏசி எல்லாம் சேர்ந்து ஸ்லாப்பை ஏற்றிவிடும்.

மூன்றாவது, கட்டில் போடும் இடத்தில் எர்த் உள்ள மூன்று பின் பிளக். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரைக் கூட்டிப் போய் டெஸ்டரில் பார்த்தோம், 300 ரூபாய் கொடுத்தோம்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது, வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கும் சைன் வேவ் வகை என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இந்த மெஷினுக்கு ஆகாது. கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதுவும் கத்திக்கொண்டே இருக்கும். எங்களுடையது 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி ட்யூபுலர் பேட்டரி, எல்லாம் சேர்த்து 24,000 ஆனது. 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட் மணி, இழப்பு போக ஆயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். மெஷினுக்கு 50, சாதாரண ஃபேனுக்கு 70 என்றால் எட்டு மணி நேரம் ஓடும். ஃபேனைக் குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகைக்கு மாற்றினோம், இன்னும் நீள்கிறது. மெஷினில் நிறைய கரண்ட் இழுப்பது காற்றில் ஈரம் சேர்க்கத் தண்ணீரைச் சுட வைக்கும் பாகம்தான். அதை அணைத்தால் என் மெஷின் 20 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட மின்தடை வரும் என்று தெரிந்த ராத்திரியில் அதை அணைத்துவிட்டுப் படுக்கலாம், மூக்கு கொஞ்சம் காயும், அவ்வளவுதான்.

அந்த விஷயத்தில் திருச்சிக்கு ஒரு குறையும் உண்டு. சென்னையில் காற்றே ஈரம், அந்தப் பாகத்தை நான் ஒன்றாம் அளவில் வைத்திருந்தேன். திருச்சிக் கோடையில் நான்கில் வைத்தும் தொண்டை வறண்டது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டியில் வெள்ளைப் படிவம் கட்டும், அதனால் மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குகிறேன், மாதம் 400 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

மாஸ்க் குஷன், ஃபில்டர் எல்லாம் கூரியரில் மூன்று நாளில் வருகின்றன. நேரில் காட்ட வேண்டியிருந்தால் காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி மதியம் சென்னை போய்விடுகிறேன். ராத்திரி ரயிலான மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் வசதிதான், ஆனால் நான் போன ரயில்களில் ராத்திரி 11 மணிக்கு மேல் சார்ஜ் பாயிண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மெஷின் இல்லாமல் பெர்த்தில் படுத்தால் சுற்றி இருப்பவர்களுக்கும் தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை. ஆப்னியா இருப்பவர்கள் பகல் ரயிலையே பிடியுங்கள்.

பணம் எப்படி என்றால், வாடகையிலும் மெயின்டனன்ஸிலும் மாதம் 12,000 மிச்சம். இன்வெர்ட்டர் செலவு இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. ஊருக்குப் போயிருந்தால் 21,500 மிச்சமாகியிருக்கும். அந்த 9,500 ரூபாயை நான் ராத்திரி கரண்ட்டுக்குக் கொடுக்கும் விலையாகத்தான் பார்க்கிறேன். என் கணவர் இன்னும் அதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. சோலார் பேனல் போட்டால் ஊரிலேயே இருக்கலாமே என்கிறார். சொந்த வீடு, யாரையும் கேட்க வேண்டாம் என்பதால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோலாரில் எனக்கு அனுபவம் இல்லை.

வரும் ஐப்பசியில் மாமியாரோடு இருக்க இருபது நாள் ஊருக்குப் போகிறோம். மெஷினை பேட்டரியோடு நேரடியாக இணைக்கும் கன்வெர்ட்டர் கேபிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஈரப் பாகத்தை அணைத்துவிட்டு எத்தனை ராத்திரி தாங்குகிறது என்று மழைக்காலத்திலேயே பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.