காவிரி நீர் மேலாண்மை ஆணையம்: கடைமடையிலிருந்து ஒரு மதிப்பீடு

என் தந்தையார் ஆனி, ஆடி மாதங்களில் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பென்சிலால் அடிக்கணக்கில் குறித்து வைப்பார். இன்று நான் குறிப்பது, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையான பிலிகுண்டுலுவில் வினாடிக்கு ஓடும் நீரின் கன அடிக்கணக்கை. மேட்டூரில் தெரிவது கையிருப்பு. பிலிகுண்டுலுவில் தெரிவது வரவு. இந்த வரவைக் கணக்கிட்டு, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கு தரப்பையும் கேட்டு, இவ்வளவு திறக்க வேண்டும் என்று ஆணையிடுவதற்காகவே 2018 ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு சேவை என்ற முறையிலும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் பயனாளி என்ற முறையிலும் அதை இங்கே எடைபோடுகிறேன்.

சேவையின் வாக்குறுதி தெளிவானது. இயல்பான மழை பெய்யும் ஆண்டில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீரைத் தர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மாதவாரியாக அட்டவணை உண்டு. ஆணையம் டெல்லியிலும், அதன் கீழ் இயங்கும் ஒழுங்காற்றுக் குழு பெங்களூருவிலும் இருக்கின்றன. பிலிகுண்டுலு அளவீட்டு நிலையம் மத்திய நீர் ஆணையத்தின் கையில் இருப்பதால், எந்த மாநிலமும் தன் கணக்கே சரி என்று வாதிட்டுப் பொழுதைப் போக்க முடியாது. அளவீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து தருவதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்தச் சேவை நம் கைக்கு வந்து சேர்ந்த கதையையும் பயனாளி அறிந்திருக்க வேண்டும். மாநிலங்களின் வழக்கை விசாரிக்கக் காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. அது அரசிதழில் ஏறியது 2013இல். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று பங்கீட்டைத் திருத்தி, செயல்திட்டத்தை ஆறு வாரத்துக்குள் வகுக்கச் சொன்னது. கெடு முடிந்தபின் மத்திய அரசு, தீர்ப்பில் வரும் 'ஸ்கீம்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்டதோடு, கர்நாடகத் தேர்தலைக் காரணம் காட்டி மூன்று மாத அவகாசமும் கோரியது. கர்நாடகம் மே 12 அன்று வாக்களித்தது. மே 18 அன்று வரைவுத் திட்டத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. ஜூன் 1 அன்று அறிவிப்பு வெளியானது. நாள்களை வரிசையாக அடுக்கினாலே போதும், தனியாக உரை எழுத வேண்டியதில்லை.

நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இப்படியொரு சேவை இருப்பதே தெரியாது. 2024 ஜூலையில் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி. விடும்படி ஒழுங்காற்றுக் குழு பரிந்துரைத்தது. கர்நாடகம் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடத்தி, வினாடிக்கு 8,000 கன அடிதான் முடியும் என்றது. அதற்குள் குடகில் மழை கொட்டியது. ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. அணைகள் நிரம்பி வழிந்தபோது யாருடைய ஆணைக்கும் வேலை இருக்கவில்லை.

சோதனை வந்தது அதற்கு முந்தைய ஆண்டில். 2023இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு வினாடிக்கு 24,000 கன அடி கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றது; குழு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாள்களுக்குத் திறக்கச் சொன்னது. பதினைந்து நாளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 6.48 டி.எம்.சி. வருகிறது. செப்டம்பர் மாத அட்டவணையை வினாடிக்கணக்காக்கினால் 14,000 கன அடிக்குச் சற்று மேல். ஆக, கிடைத்தது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய நீர். பின்னர் அது 3,000 ஆகி, 2,600 ஆகவும் இறங்கியது. ஆணையத்தின் முடிவில் தலையிட உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று மறுத்தது. 29 அன்று கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது.

குறைவாகக் கொடுத்தார்கள் என்பதல்ல என் குறை. ஆற்றிலேயே இல்லாத நீரை எந்த ஆணையமும் தர முடியாது. கர்நாடகத்தின் மண்டியாவில் கிருஷ்ணராஜசாகர் அணை நீர்மட்டத்தைப் பார்த்து நாற்று விடுபவரும் என்னைப் போன்றவர்தான். பற்றாக்குறையை விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்பது கோட்பாடாக இருக்கிறது. ஆனால் எத்தனை விழுக்காடு குறைந்தால் யாருக்கு எவ்வளவு என்று மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட சூத்திரம் ஒன்று முன்கூட்டியே இருந்திருந்தால், ஒவ்வொரு பதினைந்து நாளும் ஏலம் கூறுவதைப் போல எண்கள் ஏறி இறங்கியிருக்காது. பற்றாக்குறைக் காலச் சேவைக்கு இரண்டுக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை.

கோளாறு அதிகாரிகளிடம் இல்லை, அமைப்பின் வார்ப்பில் இருக்கிறது. தலைவரையும் முழுநேர உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய அரசு. நான்கு தரப்பின் சார்பிலும் பகுதிநேர உறுப்பினர்கள் அமர்கிறார்கள். அணைகளின் மதகோ அந்தந்த மாநிலத்தின் கையில். ஒரு மாநிலம் ஆணைக்கு இணங்காவிட்டால் ஆணையம் என்ன செய்யலாம் என்று திட்டத்தைப் புரட்டினால், மத்திய அரசின் உதவியை நாடலாம் என்றிருக்கிறது. அந்த மத்திய அரசு கணக்குப் பார்க்கக் கர்நாடகத்தில் 28 மக்களவைத் தொகுதிகள், இங்கே 39. அரசியலிலிருந்து பிரித்தெடுப்பதற்காகச் செய்த பொறி, சிக்கல் முற்றும்போது பொருளை மீண்டும் அரசியலின் வாசலிலேயே கொண்டுபோய் வைக்கிறது.

நம் பக்கத்து மௌனத்தையும் சொல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் உண்டு என்ற மதிப்பீட்டில் 10 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் நம் கணக்கில் எழுதித்தான் ஆற்றுப் பங்கைக் குறைத்தது. இதை மேடையில் விளக்கிச் சொல்லும் கட்சியை நான் கண்டதில்லை. கடலோரக் கடைமடையிலோ ஆழ்துளைக் கிணறு போட்டால் பெரும்பாலும் உப்புநீர்தான் வருகிறது. அந்தப் 10 டி.எம்.சி. எங்கள் காலடியில் இல்லை என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

புதிய பயனாளிகளுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்ததும் நாற்றங்காலுக்கு ஓட வேண்டாம். கல்லணைக்கு நீர் வர மூன்று நான்கு நாளாகும். வாய்க்கால் வழியே நம் வயலுக்கு வருவது அதற்கும் பிந்தி. ஜூலை அட்டவணைப்படி பிலிகுண்டுலுவில் வினாடிக்குச் சுமார் 11,700 கன அடி வர வேண்டும். முதல் பத்து நாளின் சராசரி அதில் பாதியைத் தொடாவிட்டால் நான் குறுவையை விட்டுவிடுகிறேன். வயலைப் புழுதி உழவு ஓட்டிப் போட்டு, சம்பாவுக்கு நேரடி விதைப்புக்கான விதைநெல்லைத் தேட ஆரம்பிக்கிறேன்.