வெளியூர் வேலைக்கு நாள் ரேட்: எந்தக் கணக்கு கட்டும்?

கோவையில் இருந்துகொண்டு பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) புரோகிராமிங், கமிஷனிங் (சைட்டில் இயந்திரத்தை ஓடவைத்துக் கொடுப்பது) என்று நாள் கணக்கில் வேலை எடுப்பவர்களுக்கு, உள்ளூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை என்றால் ரேட் சொல்வது சுலபம். அதே வேலை ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ என்றால்தான் தலைவலி. ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலோர் செய்வது, உள்ளூர் ரேட்டில் கொஞ்சம் ஏற்றி, எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிடுவது. பர்சேஸ்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், பர்சேஸ் ஆர்டரில் ஒரே வரியில் முடிந்துவிடும். நமக்கு எப்படி என்று பார்க்கலாம். உள்ளூர் ரேட் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து நாள் வேலை. இரவு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் வருவதும் அங்கிருந்து டாக்ஸியும் 3,000. லாட்ஜ் நாளுக்கு 1,500, சாப்பாடு 500. மொத்தச் செலவு 13,000, அதாவது நாளுக்கு 2,600. ஆக ரேட் 8,600. சரி, அடுத்த மாதம் அதே கம்பெனி, "ஒரு சென்சார் பிரச்சினை, ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போங்க" என்கிறது. அந்த ஒரு நாளுக்குச் செலவு மட்டும் 5,000. கையில் நிற்பது 3,600. உள்ளூரில் வீட்டுச் சாப்பாட்டோடு 6,000 வாங்கியிருக்கலாம். இதுவே இருபது நாள் வேலையானால் செலவு நாளுக்கு 2,150தான், அப்போது கம்பெனிக்கு நஷ்டம். போய்வரும் செலவு பயணத்துக்கு ஒரு தடவை, தங்கும் செலவு நாளுக்கு நாள். இரண்டையும் ஒரே ரேட்டில் கரைத்தால் யாராவது ஒருவர் அடிவாங்கத்தான் வேண்டும்.

உள்ளூர் ரேட்டை அப்படியே வைத்து, ஆன செலவைப் பில் கொடுத்து வாங்கிக்கொள்வது இன்னொரு முறை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆட்டோவுக்கு யார் பில் தருகிறார்? லாட்ஜில் கொடுக்கும் கைப்பில்லை அக்கவுண்ட்ஸ் ஏற்காது. வரியும் இருக்கிறது: செலவை நம் இன்வாய்ஸிலேயே போட்டால், விதிப்படி கம்பெனி சார்பில் கட்டிய பணம் என்று காட்ட முடிந்தால் ஒழிய, அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. டிடிஎஸ்ஸும் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) மொத்தத் தொகைக்கே பிடிப்பார்கள். பணம் வர ஒன்றரை மாதம் ஆனால், லாட்ஜ் வாடகைக்கும் சேர்த்து நாம்தான் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர்களைத் தரம் பிரித்து தரத்துக்கொரு ரேட் வைப்பவர்களும் உண்டு. மத்திய அரசு வீட்டு வாடகைப் படிக்கு எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருப்பதைப் பார்த்து வந்த யோசனையாக இருக்கலாம். அது மக்கள்தொகையை வைத்துப் போட்ட பிரிவு. சென்னையும் பெங்களூரும் எக்ஸ், கோவை ஒய், ஓசூர் இசட். சிப்காட் பக்கம் ரூம் தேடி அலைபவருக்கு அந்த இசட்டால் என்ன பயன்?

என்னைக் கேட்டால், வேலை ரேட்டை எந்த ஊருக்கும் மாற்றவே கூடாது. சேலத்துக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் லாஜிக் எழுதும் தலை ஒன்றுதானே. அதற்கு மேல் நாளுக்கு இவ்வளவு பேட்டா, பயணத்துக்கு இவ்வளவு என்று பில் கேட்காத இரண்டு நிலையான தொகைகள். மேலே சொன்ன கணக்கில் பேட்டா 2,000, பயணம் 3,000. ஒரு நாள் போனால் 11,000, ஐந்து நாள் போனால் 43,000. இரண்டிலும் நம் 6,000 அப்படியே நிற்கும். வரி இதற்கும் உண்டு, பில் பொறுக்கும் வேலை மிச்சம். மூன்று மாதம் ஒரே ஊரில் என்றால் மட்டும் பேட்டாவைக் குறைத்து, தங்குமிடத்தைக் கம்பெனியையே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

எந்த முறையானாலும் சண்டை வருவது வேறு இடத்தில். சைட்டுக்குப் போய் நின்றால் பேனலுக்குக் கரண்ட் வந்திருக்காது, ஏர் லைன் இழுத்திருக்க மாட்டார்கள். "வேலையே நடக்கலையே சார்" என்று அந்த நாளைக் கழிக்கப் பார்ப்பார்கள். கொட்டேஷனிலேயே இரண்டு வரி போட்டுவிடுங்கள்: சைட்டில் ஆஜரான நாள் முழு நாள், பகலில் பயணம் செய்தால் அது அரை நாள்.