ஏழு ஆசிரியர்கள், நான்காவது இதழ்

தோழி ஒருத்தி தன் முதல் கட்டுரையை மருத்துவ இதழுக்கு அனுப்பப் போகிறாள். "சப்மிட் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் ஒரே கட்டுரையை நான்காவது இதழின் தளத்தில் ஏற்றி முடித்திருந்தேன்.

முந்தைய மூன்று இதழ்களிலும் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவருக்கே போகாமல் திரும்பியது. அதில் வருத்தமில்லை, இரண்டே நாளில் வேண்டாமென்று சொன்ன எடிட்டருக்கு நன்றிகூட எழுதினேன். என் கோபமெல்லாம் கட்டுரையை எழுதிய ஆசிரியர்களின் விவரம் நிரப்பும் பக்கத்தின் மேல்தான். நாங்கள் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், மின்னஞ்சல், துறை, நிறுவனம், பட்டம். 2012ல் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) வந்தபோது, இனி அந்த 16 இலக்க எண் ஒன்றே போதும் என்று நம்பியவன் நான். எண்ணையும் கேட்கிறார்கள், மற்றதையும் கேட்கிறார்கள். ஆறாவது ஆளை நிரப்பிக்கொண்டிருந்தபோது தளம் என்னை வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே போனால், நிரப்பியதில் இரண்டு பேர் விவரம்தான் மிச்சம்.

இத்தனைக்கும் 1978ல் மருத்துவ இதழ் எடிட்டர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடியதே, எல்லா இதழுக்கும் ஒரே வடிவம் போதும் என்று ஆக்கத்தான். அங்கே பிறந்தது, ரெஃபரன்ஸ் பட்டியலை எழுதும் வான்கூவர் நடை. அதன்படி ஆசிரியர்கள் ஆறுக்கு மேல் போனால் முதல் ஆறு பேரை எழுதிவிட்டு 'மற்றும் பிறர்' போடவேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏ.எம்.ஏ. நடையிலோ ஆறைத் தாண்டினால் முதல் மூவர் போதும். கட்டுரைச் சுருக்கமான அப்ஸ்ட்ராக்ட் ஓரிடத்தில் 300 சொல், இன்னோரிடத்தில் 250. அந்த ஐம்பதை வெட்டும்போது எங்கள் ஆய்வின் குறையைச் சொன்ன வரிதான் முதலில் போனது. அது சரியில்லை என்று தெரிந்தேதான் வெட்டினேன்.

ரெஃபரன்ஸ் மட்டும் வலிக்கவில்லை. ரெஃபரன்ஸ்களைச் சேர்த்துவைக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் நடையை மாற்றினால் 42ம் தானாக வரிசை மாறி நிற்கின்றன, அதுவும் இலவசமாக. அதைவிட, இந்த முறை ஸோட்டெரோவைத் திறந்ததும் மேலே ஒரு சிவப்புப் பட்டை: மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒன்று திரும்பப் பெறப்பட்டுவிட்டதாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலோடு ஒப்பிட்டு அதுவே சொல்கிறது. எங்கள் விவாதப் பகுதியின் இரண்டாம் பத்தி முழுக்க அந்தக் கட்டுரையை நம்பித்தான் நின்றது. முதல் இதழே ஏற்றுக்கொண்டிருந்தால் அது அப்படியே அச்சேறியிருக்கும். ஆக, இந்த அலைச்சல்தான் என்னைக் காப்பாற்றியது. ஒத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் தோழிக்கு நான் சொன்னது வேறு. முதல் தடவை எந்த வடிவத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் இதழ்கள் இருக்கின்றன, அவற்றுக்கே அனுப்பு, இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அப்புறம், எல்லோருடைய விவரத்தையும் முதலிலேயே ஓர் எக்செல் தாளில் போட்டு வைத்துக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நான்காவது இதழிலிருந்து மின்னஞ்சல். ஐந்தாவது ஆசிரியர், ஆய்வோடு மோதும் சொந்த லாபம் ஏதும் உண்டா என்று சொல்லும் நலன் முரண் படிவத்தில் தேதி இல்லையாம். கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.