கேனான் 80டி-க்கு தேர்ட் பார்ட்டி பேட்டரி: ரெண்டு வருஷம் கல்யாண வேலையில போட்டுப் பாத்தாச்சு

காரைக்குடி பக்கம் கல்யாண போட்டோ எடுக்குறேன், கையில 80டி. கேமராவோட வந்த எல்பி-இ6என் ஒரிஜினல் பேட்டரி ஒண்ணு, அது போக ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல வாங்குன தேர்ட் பார்ட்டி, அதாவது வேற கம்பெனி பேட்டரி ரெண்டு. ஒரிஜினல் ஒண்ணு வாங்குற காசுல இது மூணு வாங்கலாம், அதான் வாங்குனேன்.

மொதல் ஆறு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரிஜினல்ல கொள்ளளவு 1865 எம்ஏஹெச்னு போட்டிருக்கும், இதுல 2000க்கு மேல அடிச்சிருந்தாங்க, ஆனா சார்ஜ் நின்னது என்னமோ ஒரிஜினல விட கம்மிதான். வியூஃபைண்டர்ல பாத்து எடுத்தா ஒரு சார்ஜுக்கு 960 படம், பின்னாடி ஸ்க்ரீன பாத்து எடுக்குற லைவ் வியூன்னா 300ன்னு கேனானே சொல்லியிருக்கு. நம்ம ஊரு வீட்டு வளவுல பங்காளி தாயபுள்ளன்னு அத்தன சனம் நிக்கும்போது கைய தூக்கிப் புடிச்சு லைவ் வியூல எடுத்தாத்தான் உண்டு, அங்கதான் பேட்டரியோட லட்சணம் தெரியும்.

போன வருஷம் கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணம். திருப்பூட்டு, அதான் தாலி கட்டுற நேரம், பேட்டரி 40 பர்சென்ட் காட்டுது, பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு கேமரா காட்டுற ரீசார்ஜ் பெர்ஃபார்மன்ஸ்ல மூணு பச்சையும் இருக்கு, நம்பி கழுத்துருங்குற அந்தத் தாலிய எடுக்குறப்ப படபடன்னு அடிச்சேன் பாருங்க, கேமரா அப்படியே ஆஃப் ஆயிருச்சு. மாத்திப் போட்டு நிமிந்தா பூட்டி முடிச்சிட்டாங்க. உள்ள செல்லு தேஞ்சு போச்சுன்னா திடீர்னு கரண்ட் இழுக்குறப்ப வோல்டேஜ் படுத்துரும், பேட்டரிக்குள்ள இருக்குற சிப்பு மட்டும் இன்னும் இருக்குன்னு ஒரு கணக்க காட்டிக்கிட்டே இருக்கும். பொண்ணோட அப்பத்தா "விடுங்க தம்பி, மத்த படம்லாம் இருக்குல்ல"ன்னு சொன்னாங்க, எனக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல.

அதே பேட்டரி இந்த சித்திரையில உப்பிப் போச்சு. கார்ல பையோட விட்டது என் தப்புதான், ஆனா அதே பையில கெடந்த ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகல. லாக்க தள்ளுனா வழக்கமா தானா வெளிய வரும், இது வரவே இல்ல, கேமராவ கவுத்து உள்ளங்கையில மெதுவா தட்டித் தட்டி எடுத்தேன். தயவுசெஞ்சு இப்படி ஆனா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, லித்தியம், ஓட்ட விழுந்தா தீப்புடிக்கும். லேசா உப்புன மாதிரி இருந்தாலே திரும்ப சார்ஜ் போடாதீங்க.

ஒரிஜினலுக்கு வயசு இப்ப ஆறு, ரெண்டு பச்சை காட்டுது, காட்டுற பர்சென்ட்ட நம்பலாம். இன்னொரு ஒரிஜினல் வாங்கிட்டேன், இந்தத் தடவ ஆன்லைன் வேணாம்னு, ஏன்னா ஒரிஜினல் பேர்லயே டூப்பும் வருது, டீலர்கிட்ட பில்லு போட்டே வாங்குனேன்.

மிச்சம் இருக்குற தேர்ட் பார்ட்டி ஒண்ண தூக்கிப் போடல. போன வாரம் ஆத்தங்குடியில ஒரு வீட்டுத் தரைக்கல்லு, நெலக்கதவு எல்லாம் நிதானமா எடுக்க அதத்தான் போட்டேன், பாதியில நின்னாலும் மாத்திக்கிட்டு எடுக்குற வேலைக்கு அது போதும். முகூர்த்தத்துக்கு மட்டும் இனிமே அத பையிலருந்து எடுக்க மாட்டேன்.