பழைய சப்மரீனர் வாங்குபவர்களே, முதலில் செயினைக் கழற்றச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் பழைய ரோலெக்ஸ், ஒமேகா தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி அசல், கார்டு அசல், உள்ளே ஓடும் மெஷினும் அசல் என்ற பிறகும் ஒரு கடை உங்களை ஏமாற்ற முடியும். என்னை ஏமாற்றியது ஸ்டீல் செயினில்.

இந்த வகை வாட்ச்சின் மீது வரும் ஆசையில் பாதி அந்தச் செயின்மீதுதான். 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம் ராயல் ஓக்கைக் கொண்டுவந்தபோது, தங்க வாட்ச் விலைக்கு மேல் ஒரு ஸ்டீல் வாட்ச்சா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஜெரால்ட் ஜென்டா வரைந்த அந்த வடிவத்தில் வாட்ச்சின் உடல் (கேஸ்) எங்கே முடிகிறது, செயின் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. நான்கு வருடம் கழித்து அவரே பட்டெக் பிலிப் நிறுவனத்துக்கு நாட்டிலஸ் வாட்ச்சை வரைந்தார். அவையெல்லாம் நமக்கு எட்டாக்கனி. கொஞ்சம் எட்டிப் பிடிக்கக்கூடியது, 1953இல் முக்குளிப்பவர்களுக்காக வந்த ரோலெக்ஸ் சப்மரீனர். கல்யாணத்துக்கும் கட்டலாம், கடற்கரைக்கும் கட்டலாம். தோல் பட்டை வியர்வையில் ஊறி நாறும் ஊரில், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய வசதி!

நான் வாங்கியது 16610 என்ற மாடல். 2010இல், முகப்பைச் சுற்றிச் செராமிக் வளையத்தோடு புது மாடல் வருவதற்கு முந்தையது. அலுமினிய வளையம், ஒல்லியான காதுகள். (செயின் வந்து மாட்டும் நான்கு முனைகளைத்தான் காது என்கிறேன்.) புதியதைவிட இதுதான் அழகு என்பது என் கட்சி.

கடைக்காரர் வாட்ச்சை வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினார். தலை முதல் கொக்கி வரை கண்ணாடி மாதிரி மின்னியது. "பாலிஷ் எங்கள் அன்பளிப்பு" என்றார். விஷயமே அந்த மினுமினுப்பில்தான் இருக்கிறது. சப்மரீனரின் காதுகளுக்கு மேற்புறம் மெல்லிய கோடுகள் ஓடும் மங்கலான பரப்பு. பக்கவாட்டில் மட்டுமே பளபளப்பு. செயினுக்கும் அப்படியே. மேற்புறமும் மின்னினால் யாரோ பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேய்த்தால் கீறல் மட்டும் போகாது, ஸ்டீலும் போகும். ஓரங்கள் மழுங்கும், காதுகள் இளைக்கும். போன ஸ்டீலைத் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை.

சர்வீசுக்காக அங்கீகாரம் பெற்ற மையத்துக்குக் கொண்டுபோனபோதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. அங்கிருந்த பெண்மணி செயினைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், வாட்ச் எங்களுடையது. செயின் எங்களுடையது இல்லை." இடது காதுகள் வலது காதுகளைவிட மெலிந்திருந்ததையும் காட்டினார். செயினின் கடைசித் துண்டு காதுகளுக்கு நடுவே ஒட்டி உட்காராமல் லேசாக ஆடியது. போலிச் செயினோடு சர்வீஸ் செய்ய முடியாது என்று எழுதியே கொடுத்தார்.

அசல் செயின் எங்கே போயிருக்கும்? என் ஊகம், அதைத் தனியாக விற்றிருப்பார்கள். பழைய செயின் தொய்ந்துபோய் நல்லது தேடி அலைபவர்கள் நிறைய. தொய்வு என்றால் ஸ்டீல் நீளுவதில்லை. அழுக்கும் வியர்வையும் உப்புத்தாள் போல வேலை செய்து, உள்ளே இருக்கும் பின்களும் துளைகளும் தேய்கின்றன. வாட்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்தால் நல்ல செயின் ஓரளவு நேராக நிற்கும், தேய்ந்தது வளைந்து தொங்கும். வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். செயினைக் கழற்றி, அதில் பொறித்திருக்கும் எண்ணை அந்த மாடலுக்கு உரியதோடு ஒப்பிடுங்கள். கழற்ற மாட்டேன் என்கிற கடையில் உட்காராதீர்கள். அளவு குறைக்கக் கழற்றிய கண்ணிகளைத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். மணிக்கட்டு கொஞ்சம் பெருத்தால் தனிக் கண்ணிக்குக் கேட்கும் விலையில் மயக்கமே வரும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். ரசீதில் "பழைய பொருள், உள்ளது உள்ளபடி" என்று இருப்பதைக் காட்டி கடைக்காரர் கையை விரித்தார். இங்கேதான் பலர் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளை வாங்கியவர்களைக் காக்க 2012இல் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் கடைகள் விற்கும் பழைய பொருளுக்கும் உண்டு. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடையின் பாடு. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் போகலாம். அங்கே வக்கீல் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். சர்வீஸ் மையம் எழுதிக் கொடுத்த தாளும், "எல்லாமே ஒரிஜினல்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் என்னிடம் இருந்தன. மனுப் போட்டேன்.

விசாரணைக்கு முன்பே கடைக்காரர் சமரசத்துக்கு வந்தார். அசல் செயினின் விலையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். தேய்ந்த காதுகளுக்கு ஒரு காசும் இல்லை. வாட்ச்சை வைத்துக்கொண்டேன், இப்போதைக்கு நைலான் பட்டையில் ஓடுகிறது. கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்தப் போலிச் செயினைத் திருப்பித் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. செயின் என்னிடமே இருக்கும் என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.